காற்று வரணும், வெளிச்சம் வரக்கூடாது



சம்பா நெல்லைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய நீண்டகாலச் சம்பா ரகங்கள் பலவற்றை ஆடிக் கடைசியில் விதைத்தாலும் சரி, இருபது நாள் தள்ளி விதைத்தாலும் சரி, கதிர் தலை காட்டுவது ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான். முன்னால் விதைத்தது காத்திருக்கும். பின்னால் விதைத்தது ஓடி வந்து சேர்ந்துகொள்ளும். பயிருக்குத் தேதி சொன்னது யாருங்க? வயல் நடுவிலே காலண்டரா மாட்டி வைத்திருக்கிறோம்?

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. விடை கிடைத்த இடம் பெரிய மாளிகை இல்லை. நாய்க்கூண்டு மாதிரி ஒரு சின்னக் கொட்டகை. அதற்குள்ளே காற்று போகும், வெளிச்சம் போகாது. விசேஷம் அவ்வளவுதான். கேட்டால், "இது என்ன பெரிய காரியம்?" என்று தோன்றும். ஆனால் காற்றை விட்டு வெளிச்சத்தை நிறுத்துவது லேசான வேலை இல்லை. அந்தக் கொட்டகை எப்படி வந்தது, ஒரு சின்ன வெளிச்சக் கசிவு ஒரு பயிரையே எப்படி ஏமாற்றிவிடும் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

பூக்காத புகையிலை

அமெரிக்காவில் மேரிலாந்து என்று ஒரு மாநிலம். புகையிலைக்குப் பேர்போன இடம். அங்கே 1900-களின் தொடக்கத்தில் புகையிலைத் தோட்டத்தில் ஒரு புது மாதிரிச் செடி தலையெடுத்தது. மற்றச் செடியெல்லாம் பூத்து நின்ற பிறகும் இது பூக்காமல் வளர்ந்துகொண்டே போயிற்று. பத்தடி, பதினைந்தடி உயரம். நூறு இலை வரைக்கும் விடும். "மேரிலாந்து மாமத்" என்று பேர் வைத்தார்கள். ராட்சதப் புகையிலை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இலைக்காகப் பயிர் செய்கிறவனுக்கு இதைவிட என்ன வேணும்? ஆனால் ஒரு சங்கடம். பூத்தால்தானே விதை? அது பூப்பதற்குள் உறைபனி வந்து செடியைக் கொன்றுவிடும். கையிலே தங்கம் இருக்கு, பெட்டிக்குச் சாவி இல்லை என்கிற கதைதான்.

அமெரிக்க வேளாண்மைத் துறையில் டபிள்யூ. டபிள்யூ. கார்னர், எச். ஏ. அல்லார்ட் என்று இரண்டு விஞ்ஞானிகள். வாஷிங்டன் நகரத்துக்கு எதிரே, பொட்டோமாக் ஆற்றின் அக்கரையில் ஆர்லிங்டன் பரிசோதனைப் பண்ணை என்று ஒன்று இருந்தது. அங்கேதான் அவர்களுக்கு வேலை. பிற்பாடு 1940-களில் அந்தப் பண்ணைக்குப் பக்கத்தில்தான் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் கட்டிடத்தை எழுப்பினார்கள்.

இந்த ராட்சதப் புகையிலையைத் தொட்டியோடு கண்ணாடி வீட்டுக்குள் கொண்டுபோனால் குளிர்காலத்தில் பூத்தது. ஆச்சரியம் என்னவென்றால், அங்கே செடி உயரமாகக்கூட வளரவில்லை, சின்னச் செடியாக இருக்கும்போதே பூத்துக் காய்த்தது. கோடையில் பதினைந்தடி வளர்ந்தும் பூக்காத ஜாதி, குளிர்காலத்தில் இடுப்பளவு நிற்கும்போதே பூக்கிறது என்றால் காரணம் என்ன?

சோயா மொச்சையும் இதே மாதிரிப் புதிர் போட்டது. பிலாக்ஸி என்ற ரகத்தை மே மாதம் ஒரு வரிசை, ஜூன் மாதம் ஒரு வரிசை என்று தள்ளித் தள்ளி விதைத்தார்கள். எல்லாம் செப்டம்பரில் போய்ப் பூத்தது. நம்ம சம்பா செய்கிற வேலையைத்தான் அது செய்தது.

ஒரு நாய்க்கூண்டுக் கொட்டகை

ரெண்டு பேரும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். உரம் கூட்டிக் குறைத்தார்கள், பலனில்லை. தண்ணீரைக் கூட்டிக் குறைத்தார்கள், சூட்டை மாற்றினார்கள், நிழல் கட்டினார்கள். ஒன்றும் தேதியை அசைக்கவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதுதான் பகல் பொழுதின் நீளம்.

நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் வாஷிங்டன் பக்கம் அப்படி இல்லை. ஜூன் மாதத்தில் பகல் ஏறத்தாழ 15 மணி. டிசம்பரில் ஏறத்தாழ ஒன்பதரை மணி. பயிர் இந்த வித்தியாசத்தைத்தான் பார்க்கிறதோ என்று அவர்களுக்குச் சந்தேகம் தட்டியது.

சந்தேகத்தைத் தீர்க்க, கோடை நடுவிலேயே குளிர்காலத்துப் பகலை உண்டாக்க வேண்டும். 1918-ஆம் வருஷம் ஜூலை 10-ஆம் தேதி, சோயா மொச்சை இருந்த பெட்டி ஒன்றையும், ராட்சதப் புகையிலைத் தொட்டிகள் மூன்றையும் காற்றோட்டம் வைத்த ஓர் இருட்டறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு உள்ளே, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெளியே. தினமும் இதே காரியம். செடிக்குக் கிடைத்தது ஏழு மணி நேரப் பகல், பதினேழு மணி நேர இரவு.

வெளியே நின்ற புகையிலை வழக்கம்போல வளர்ந்துகொண்டே இருந்தது. இருட்டறைக்குப் போய் வந்த புகையிலை கோடையிலேயே பூத்துக் காய் பிடித்தது. குளிர்காலத்தில் இதை அப்படியே திருப்பிப் போட்டார்கள். கண்ணாடி வீட்டில் பொழுது மங்கியதிலிருந்து நடுராத்திரி வரை மின்விளக்கு எரிய விட்டார்கள். செடி பூக்கவில்லை. அதிலும் கவனியுங்கள், அந்த விளக்குக்கு வெயில் மாதிரிப் பிரகாசம் கிடையாது. மங்கலான விளக்கே போதுமானதாக இருந்தது.

1920-இல் இதையெல்லாம் எழுதி வெளியிட்டார்கள். பகல் குட்டையானால் பூக்கிறது குறும்பகல் பயிர், பகல் நீண்டால் பூக்கிறது நெடும்பகல் பயிர், எதையும் கவனிக்காதது மூன்றாவது ஜாதி என்று பிரித்தார்கள்.

கணக்கு இரவில்தான் இருக்கிறது

இதற்கு முன்பே பிரான்சில் ஜூலியன் டூர்னுவா என்ற இளைஞர் இந்த வாசலைத் தட்டியிருந்தார். பீருக்குக் கசப்பு ஏற்றும் ஹாப்ஸ் கொடியையும், நாருக்காக வளர்க்கிற ஹெம்ப் செடியையும் வைத்துச் சோதனை செய்தவர். செடி சீக்கிரம் பூப்பதற்குக் காரணம் பகல் குறைவது மட்டும் இல்லை, இரவு நீள்வதுதான் முக்கியம் என்று எழுதினார். 1914-இல் முதல் உலக யுத்தம் வந்தது, அவர் யுத்தத்தில் மாண்டார். அவர் சொன்ன வார்த்தை உண்மைதான் என்று தெரிவதற்கு இன்னும் இருபத்து நாலு வருஷம் ஆயிற்று.

1938-இல் கார்ல் ஹாம்னர், ஜேம்ஸ் பானர் என்ற ரெண்டு அமெரிக்கர்கள் அதைக் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட செடி நமக்குப் பழக்கமானது. மாட்டு வாலிலும் வேட்டியிலும் ஒட்டிக்கொண்டு வருமே, முள்ளுக் காய், மருளூமத்தை. அந்தச் செடியின் இனம்தான். அதற்கு எட்டரை மணி நேரத்துக்கு மேல் இடைவிடாத இருட்டு வேண்டும். ஒன்பது மணி இருட்டு கொடுத்தால் பூத்தது. அந்த ஒன்பது மணிக்கு நடுவில் ஒரே ஒரு நிமிஷம் விளக்கைப் போட்டு அணைத்தார்கள். பூக்கவில்லை!

பகலுக்கு நடுவே செடியை மூடி இருட்டாக்கிப் பார்த்தார்கள், அது சட்டை செய்யவில்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது? செடி எண்ணுவது பகலை இல்லை, இருட்டை. அதுவும் அறுபடாத இருட்டை. நடுவில் வெளிச்சம் பட்டால் ஒரு நீண்ட இரவு ரெண்டு குட்டை இரவாக உடைந்துபோகிறது. நெல் அளக்கும்போது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பி முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி.

இப்போது அந்த ஆர்லிங்டன் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். கதவிலே ஓர் இடுக்கு, காற்றுத் துவாரத்திலே ஒரு கீற்று வெளிச்சம் செடிமேல் விழுந்திருந்தால் புகையிலை பூத்திருக்காது. "பகல் நீளத்துக்கும் பூவுக்கும் சம்பந்தம் இல்லை" என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒரு பெரிய உண்மை ஓர் இடுக்கு வழியாக ஒழுகிப் போயிருக்கும்.

வெளிச்சத்திலும் எல்லா நிறமும் ஒரே மாதிரி இல்லை. போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ், பார்க்கர் முதலிய விஞ்ஞானிகள் 1940-களில் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் ஒவ்வொரு நிறமாகப் பிரித்துப் பார்த்தார்கள். இரவைக் கெடுப்பதில் சிவப்பு வெளிச்சத்துக்குத்தான் முதல் இடம். இலைக்குள்ளே இந்த வெளிச்சத்தைப் பிடிக்கிற சாயப் பொருளை 1959-இல் கண்டுபிடித்து, பைட்டோகுரோம் என்று பெயர் வைத்தார்கள். போட்டோ பிடிக்கிறவர் கறுப்பு வெள்ளைப் படம் கழுவுகிற இருட்டறையில் சிவப்பு விளக்குதான் போட்டுக்கொள்வார். பயிர் இருட்டறையில் அதே விளக்கைப் போட்டால் குடி கெட்டது. அங்கே அவசரத்துக்கு மங்கலான பச்சை விளக்குதான் வைத்துக்கொள்வார்கள்.

காற்றுக்கு வழி, வெளிச்சத்துக்குத் தடை

விஞ்ஞானி கண்டதை வியாபாரத்துக்குக் கொண்டுபோனவர்கள் பூ விவசாயிகள். சாமந்தி ஒரு குறும்பகல் பயிர். 1930-களில் அமெரிக்கத் தோட்டக்காரர்கள் கண்ணாடி வீட்டுச் சாமந்தியை மாலை ஐந்து மணிக்கே கறுப்புத் துணி போட்டு மூடிக் காலை எட்டு மணிக்குத் திறந்தார்கள். பருவம் வருவதற்கு முன்பே பூ சந்தைக்கு வந்தது.

கூடவே ஒரு தலைவலியும் வந்தது. வெயில் தாழாத நேரத்தில் இறுக்க மூடினால் உள்ளே சூடு ஏறும். சூடு ஏறினால் சாமந்தி மொட்டு தாமதப்படும். ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும். எதற்காக மூடினோமோ அது கெட்டுப்போகும். துணியைத் தூக்கிக் காற்று விட்டால் வெளிச்சமும் சேர்ந்து நுழையும். மூடினால் புழுக்கம், திறந்தால் வெளிச்சம்.

இதற்கு வழி, வெளிச்சத்தின் குணத்திலேயே இருக்கிறது. வெளிச்சம் நேர்கோட்டில் போகிற ஆள். காற்று வளைந்து நெளிந்து போகிற ஆள். அப்படியானால் வழியை வளைத்துவிட்டால் காற்று வரும், வெளிச்சம் சுவரில் முட்டி நிற்கும். சினிமாக் கொட்டகையில் இதைப் பார்த்திருக்கிறீர்கள். கதவைத் தாண்டினால் ஒரு திருப்பம், ஒரு கறுப்புத் திரை, அப்புறம்தான் படம். கீற்றுப் போட்ட டூரிங் கொட்டகையிலே இந்த வசதி இல்லை, அதனால்தான் பொழுது சாய்ந்த பிறகு ஆட்டம்.

பயிர் இருட்டறையிலும் அதுதான் ஏற்பாடு. காற்றுத் துவாரத்தை ஒட்டி ஒரு பெட்டி. பெட்டிக்குள்ளே மேலிருந்து ஒரு பலகை, கீழிருந்து ஒரு பலகை என்று மாற்றி மாற்றித் தடுப்பு. காற்று பாம்பு மாதிரி வளைந்து உள்ளே போகும்.

பெட்டியின் உட்புறம் என்ன நிறம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். பளபளப்பில்லாத கறுப்புப் பூச்சு, தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை மோதினால் 20-இல் ஒரு பங்கு மிச்சம். ரெண்டு தடவை மோதினால் 400-இல் ஒரு பங்கு. மூன்று தடவை மோதினால் 8,000-இல் ஒரு பங்கு. வெள்ளைச் சுண்ணாம்பு நூற்றுக்கு எண்பது பங்கைத் திருப்பி அனுப்பும் என்று வைத்தால், மூன்று தடவை மோதின பிறகும் பாதிக்கு மேல் உள்ளே வந்து சேரும். வளைவு இருந்தும் பிரயோஜனமில்லை.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? நல்ல உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கிற அளவு. மூடின துணிக்கு உள்ளே 20 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது என்பது சாமந்திக்காரர்களின் பழைய கணக்கு. அதாவது 5,000-இல் ஒரு பங்கு. ரெண்டு மோதல் போதாது, மூன்றாவது மோதல் வேண்டும். அதனால்தான் ஒரு வளைவோடு நிறுத்தாமல் இன்னொரு வளைவும் வைக்கிறார்கள்.

வளைவு கூடினால் காற்று திணறும். அதற்குப் பரிகாரம், வழியை அகலமாக வைப்பது. நேரான துவாரம் ஓர் அடி போதும் என்றால், வளைந்த வழியை அதைவிடப் பெரிதாகவே விட வேண்டும். சூடான காற்று மேலே ஏறும், ஆகையால் உள்ளே வரும் வழி தாழ்வாகவும் வெளியே போகும் வழி உயரமாகவும் இருந்தால் நல்லது. காற்றை இழுக்க விசிறி வைத்திருந்தால், விசிறிக்கும் வளைவு உண்டு. இறக்கை சுற்றுகிறது என்பதற்காக வெளிச்சம் நின்றுவிடாது, இறக்கைக்கு நடுவே புகுந்து வரும்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்கக் கருவி ஒன்றும் வேண்டாம். உச்சி வெயில் நேரத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் சும்மா நில்லுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகப் பழக ஒவ்வொன்றாக நட்சத்திரம் மாதிரி மின்னும். கதவு நிலைச் சந்து, கூரையும் சுவரும் சேரும் இடம், குழாய் நுழையும் ஓட்டை, ஆணி பிடுங்கின துளை, எல்லாம் அப்போதுதான் தெரியும். சாக்குக்கட்டியால் அடையாளம் போட்டுவிட்டு அடைக்க வேண்டியதுதான்.

லூசியானா கொட்டகையும் கோயமுத்தூர் வானமும்

கரும்பு போடுகிறவர்களுக்கு இந்தக் கதையில் பங்கு உண்டு. புதுக் கரும்பு ரகம் உண்டாக்க வேண்டுமானால் ரெண்டு ரகமும் பூக்க வேண்டும், அப்போதுதான் ஒட்டுச் சேர்க்க முடியும். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் ஹூமா என்ற இடத்தில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கரும்பு தானாகப் பூப்பது அபூர்வம். அதனால் தொட்டிக் கரும்பைத் தண்டவாளத்தில் ஓடும் வண்டியில் ஏற்றி, வெளிச்சம் புகாத கொட்டகைக்குள் தள்ளுகிறார்கள். பகலை நாளுக்கு ஒரு நிமிஷம் போலக் குறைத்துக் குறைத்துப் பூக்க வைக்கிறார்கள். கார்னரும் அல்லார்டும் போட்ட அதே பாதைதான்.

நம்ம கோயமுத்தூரில் அந்தக் கொட்டகை இல்லாமலே கரும்பு ஐப்பசி, கார்த்திகையில் பூக்கிறது. அங்கே வானமே கொட்டகை. 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையத்தைக் கோயமுத்தூரில் வைத்ததற்கு இது ஒரு பெரிய காரணம். பார்பர் துரையும் அவருக்குப் பின் டி. எஸ். வெங்கட்ராமனும் அங்கே நாட்டுக் காட்டுக் கரும்போடு சீமைத் தடிக் கரும்பைச் சேர்த்தார்கள். 1918-இல் கோ 205 வெளிவந்து வடநாட்டு வயலுக்குப் போயிற்று. அதே 1918-இல்தான் ஆர்லிங்டனில் புகையிலைத் தொட்டியை இருட்டறைக்குள் தள்ளினார்கள்.

நம்ம வயலுக்கு என்ன?

நெல்லும் பெரும்பாலும் குறும்பகல் பயிர்தான். இந்த அறிவு வந்த பிறகு, பகல் நீளத்தைப் பார்க்காத ரகங்களைத் தேடி எடுத்தார்கள். 1966-இல் வந்த ஐ.ஆர். 8 அப்படிப்பட்டது. எந்தப் பட்டத்தில் விதைத்தாலும் ஏறக்குறைய நாள் கணக்குப்படி வரும். ஒரே வயலில் ரெண்டு போகம், மூன்று போகம் எடுக்க முடிந்ததற்கு இந்தக் குணமும் ஒரு காரணம்.

ஆனால் பழைய சம்பா ரகம் வைத்திருக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பட்டம் தப்பி விதைத்தால், பயிர் வளர நாள் இருக்காது. இரவு நீண்டதும் குட்டையாகவே கதிர் தள்ளிவிடும். பெரியவர்கள் பட்டம் பார்த்து விதைக்கச் சொன்னது வெறும் சாஸ்திரம் இல்லை, அந்தப் பயிரோட இரவுக் கணக்கு. இன்னொன்று, வரப்போரம் பிரகாசமான விளக்குக் கம்பம் இருந்தால், வெளிச்சம் விழுகிற வட்டத்தில் மட்டும் இந்த ரகங்கள் கதிர் விடத் தாமதிக்கும். வயல் முழுக்கப் பழுத்திருக்க அந்த வட்டம் மட்டும் பச்சையாக நிற்கும். நோய் என்று மருந்து அடிக்க வேண்டாம். விளக்குக்கு ஒரு மறைப்புத் தகடு போட்டு, வெளிச்சம் பாதையில் மட்டும் விழும்படி செய்தால் போதும்.

உரத்துக்கும் தண்ணீருக்கும் நாம் கணக்கு வைத்திருக்கிறோம். பயிர் இருட்டுக்கும் கணக்கு வைத்திருக்கிறது. கொட்டகைக்குள் வளர்த்தாலும் வயலில் வளர்த்தாலும், அது கேட்கிற இரவை முழுசாகக் கொடுப்போம்.